டைமர் ரிமோட்டும் டைம்லாப்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெதுவாக நடப்பதை இடைவெளி விட்டு விட்டுப் படங்களாக எடுத்து, வேகமாக ஓடும் வீடியோவாகக் கோர்ப்பதுதான் டைம்லாப்ஸ். அதற்காக டைமர் ரிமோட் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைத்தால் வசதி என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, ரிமோட்டுக்குள் இன்னொன்று ஓடுகிறது. ஒன்று என்ன செய்கிறது என்பது மற்றதற்குத் தெரியாது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்து கிளம்புபவைதான்.

டைமர் ரிமோட்டுன்னா என்ன? சாதாரண ரிமோட்டும் படம்தானே எடுக்குது?

சாதாரண ரிமோட்டில் நீங்கள் பட்டனை அழுத்தினால் ஒரு படம் விழும், அவ்வளவுதான். டைமர் ரிமோட்டிடம் "5 நொடிக்கு ஒன்று, மொத்தம் 300 படம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒயர் முனை ஜாக்காக இருந்தால் அதை உற்றுப் பாருங்கள். இரண்டு கருப்பு வளையங்கள் அதை மூன்று உலோகத் துண்டுகளாகப் பிரித்திருக்கும். ஒன்று கிரவுண்ட், ஒன்று ஃபோகஸ், ஒன்று ஷட்டர். ஃபோகஸ் துண்டைக் கிரவுண்டோடு சேர்த்தால் கேமராவுக்கு அது பட்டனைப் பாதி அழுத்தியது போல. ஷட்டர் துண்டையும் சேர்த்தால் முழுக்க அழுத்தியது போல. ரிமோட் செய்வது இந்தச் சேர்ப்பும் பிரிப்பும் மட்டுமே. படம் விழுந்ததா, கார்டில் இடம் இருக்கிறதா, ஷட்டர் இன்னும் திறந்திருக்கிறதா என்று எதையும் கேமரா அதற்குத் திருப்பிச் சொல்வதில்லை.

என் கேமராலயே இன்டர்வெல் டைமர் இருக்கே, அப்புறம் தனியா எதுக்கு ரிமோட்?

பெரும்பாலான வேலைகளுக்குத் தேவையில்லை. பகல் மேகம், கட்டட வேலை, பூ மலர்வது எல்லாவற்றுக்கும் கேமராவின் டைமரே போதும். ஒயர் தொங்காது, ரிமோட்டின் பேட்டரியைப் பற்றிய கவலையும் இல்லை.

பழைய கேமராவில் அந்த வசதி இல்லாதபோதும், பல்ப் மோடில் (பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) பல நிமிட எக்ஸ்போஷர்களை, அதாவது ஷட்டரைப் பல நிமிடம் திறந்துவைத்து எடுக்கும் படங்களை, வரிசையாக எடுக்க வேண்டியபோதும் ரிமோட் கைகொடுக்கும். வேறுவேறு கம்பெனி கேமராக்கள் இரண்டு மூன்று வைத்திருப்பவர்களுக்கு, ஒரே மெனுவைப் பழகினால் போதும் என்ற சௌகரியமும் உண்டு.

எந்த ரிமோட் என் கேமராவுக்குப் பொருந்தும்?

ரிமோட்டின் பிராண்டைவிட அதன் ஒயர் முனைதான் முக்கியம். கேனானின் சிறிய மாடல்கள் பலவற்றில் 2.5 மி.மீ. ஜாக், பெரிய மாடல்களில் என்3 எனப்படும் மூன்று முள் இணைப்பு. நிக்கானின் பெரிய மாடல்களில் திருகிப் பூட்டும் 10 முள் இணைப்பு, நடுத்தர மாடல்கள் பலவற்றில் தட்டையான இணைப்பு. சோனியில் மல்டி டெர்மினல். ஹெட்போனின் 3.5 மி.மீ. ஜாக் பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் நுழையாது. உங்கள் கேமராவின் கையேட்டில் "ரிமோட்" என்ற தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்த்து அதற்குரிய ஒயரைக் கேளுங்கள். ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ரிமோட்டாக வாங்கினால் கேமரா மாறும்போது ஒயர் செலவோடு முடியும்.

திரையில டிலே, லாங், இன்டர்வெல், என் அப்படின்னு நாலு இருக்கு. எதுல எதைப் போடணும்?

டிலே என்பது ஸ்டார்ட் அழுத்தியதிலிருந்து முதல் படம் வரை காத்திருக்கும் நேரம். நீங்கள் தொட்ட அதிர்வு அடங்க 5 நொடி வைத்தால் போதும். லாங் என்பது ரிமோட் ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம். இன்டர்வெல் என்பது படங்களுக்கிடையே உள்ள நேரம். என் என்பது எத்தனை படம் என்ற எண்ணிக்கை.

பல ரிமோட்டுகளில் என் 399 வரைதான் போகும். அதற்கு அப்பால் அல்லது 1-க்குக் கீழே நகர்த்தினால் இரண்டு கோடுகள் தெரியும். நிறுத்தும்வரை எடுத்துக்கொண்டே இரு என்று அர்த்தம். நான் எப்போதும் கோடுகளில்தான் விடுவேன். நல்ல வெளிச்சம் வரும் நேரம் பார்த்து எண்ணிக்கை தீர்ந்துபோவதைவிட, தேவையில்லாத படங்களை வீட்டுக்கு வந்து அழிப்பது மேல்.

பக்கத்தில் இசைக்குறி போல ஒன்று இருக்கும். அது பீப் சத்தத்துக்கு. பறவை, விலங்கு பக்கத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு புகைப்படக்காரர் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

10 செகண்ட் வீடியோவுக்கு எத்தனை படம் எடுக்கணும்?

வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நொடிக்கு 250 படம். 5 நொடிக்கு ஒன்று எடுத்தால் 1,250 நொடி, அதாவது 21 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அதே 10 நொடிக்கு 300 படம்.

கணக்கைத் திருப்பிப் போடுவதுதான் இன்னும் பயன். நடக்கப்போகும் விஷயம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு மொட்டு விரிய 10 மணி நேரம் ஆகும், அதை 12 நொடியில் காட்ட வேண்டும் என்று வையுங்கள். 25 ஃபிரேம் கணக்கில் 300 படம் வேண்டும். 36,000 நொடியை 300-ஆல் வகுத்தால் 120. ஆக இன்டர்வெல் 2 நிமிடம்.

சரி, மேகத்துக்கு எவ்வளவு, சூரியனுக்கு எவ்வளவுன்னு ஒரு அளவு சொல்லுங்களேன்.

வேகமாக ஓடும் மேகம், தெருப் போக்குவரத்து, கூட்டம் இவற்றுக்கு 1 முதல் 3 நொடி. சோம்பலாக நகரும் மேகத்துக்கு 5 முதல் 10. நிழல் நகர்வதைக் காட்ட 20, 30 நொடி. செடி வளர்ச்சி, கட்டட வேலைக்கு நிமிடக் கணக்கு.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் லென்ஸைப் பொறுத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் வானில் தங்கள் விட்டத்தின் அளவு நகர ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். அகல லென்ஸில் அது ஒரு புள்ளி, 10 நொடி இன்டர்வெல்லே தாராளம். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் பெரிய டெலி லென்ஸில் அதே வட்டம் ஃபிரேமின் கணிசமான பகுதியை அடைத்திருக்கும். அங்கே 1, 2 நொடி வைக்காவிட்டால் தாவித் தாவிப் போகும். சூரியன் சுள்ளென்று இருக்கும்போது டெலி லென்ஸை ஃபில்டர் இல்லாமல் அதன் பக்கம் திருப்பாதீர்கள், வியூஃபைண்டரில் கண்ணை வைக்கவே வைக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் குறைவான இன்டர்வெல்லையே தேர்ந்தெடுங்கள். அதிகமாக எடுத்த படங்களில் ஒன்று விட்டு ஒன்றை நீக்கி வேகம் கூட்டலாம். எடுக்காத படத்தைக் கொண்டுவர வழியில்லை.

கேமராவை எந்த மோட்ல வைக்கணும்? மேனுவலா, பல்பா?

எக்ஸ்போஷர் 30 நொடிக்குள் என்றால் மேனுவல். ஷட்டர் வேகத்தைக் கேமராவில் வையுங்கள். ரிமோட்டில் லாங் என்பதைப் பூஜ்யமாக வையுங்கள், பூஜ்யம் இல்லாத ரிமோட்டில் 1 நொடி. ரிமோட் தட்டிவிடுகிற வேலையை மட்டும் செய்யும், எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் கேமராவைப் பல்பில் வைத்து லாங்கில் 60 நொடியோ 3 நிமிடமோ கொடுங்கள். இப்போது திறப்பு நேரம் ரிமோட்டின் பொறுப்பு. இரண்டையும் குழப்பினால்தான் வம்பு. கேமராவில் 20 நொடி, லாங்கிலும் 20 நொடி என்று வைப்பவர்கள் உண்டு. அதில் கேமராவுக்கு முதல் தட்டலே போதும், மிச்ச நேரம் ரிமோட் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரைவ் மோட் (ஓர் அழுத்தலுக்கு ஒரு படமா, தொடர்ந்து பல படமா என்ற அமைப்பு) தொடர்ச்சியில் இருந்தால் அதுவும் சும்மா இருக்காது. முதல் படம் முடிந்த கையோடு இரண்டாவதைத் தொடங்கிவிடக்கூடும். டிரைவ் மோடை எப்போதும் ஒற்றைப் படத்தில் வையுங்கள்.

இன்டர்வெல் எங்கேருந்து எண்ணுது? படம் ஆரம்பிச்சதிலிருந்தா, முடிஞ்சதிலிருந்தா?

இரண்டு வகை ரிமோட்டும் இருக்கின்றன. கையேடுகளில் இதைத் தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே நீங்களே சோதித்துவிடுங்கள். கேமரா பல்பில், லாங் 5 நொடி, இன்டர்வெல் 8 நொடி. ஃபோனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஷட்டர் திறக்கும் சத்தத்தைக் கவனியுங்கள். 8 நொடிக்கு ஒரு முறை திறந்தால் உங்கள் ரிமோட் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. 13 நொடிக்கு ஒரு முறை என்றால் முடிந்த பிறகு எண்ணுகிறது.

முதல் வகையில் இன்டர்வெல் எப்போதும் எக்ஸ்போஷரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவது வகையில் 1 நொடிகூடப் போதும். ஆனால் அந்த வகையிலும் ஒரு பொறி உண்டு. அது எண்ணுவது லாங் முடிந்ததிலிருந்து. கேமராவில் 20 நொடி வைத்து லாங்கை 1 நொடியில் விட்டிருந்தால், எக்ஸ்போஷர் 1 நொடியில் முடிந்துவிட்டதாகத்தான் ரிமோட் நினைத்துக்கொள்ளும்.

30 செகண்ட் எக்ஸ்போஷர், 31 செகண்ட் இன்டர்வெல் வச்சேன். ஒரு மணி நேரத்துல பாதிப் படம்தான் இருக்கு. ரிமோட் கெட்டுப்போச்சா?

ரிமோட் நன்றாகத்தான் இருக்கிறது. கேமராவில் 30 என்று எழுதியிருப்பது பல மாடல்களில் உண்மையில் 32 நொடி. ஷட்டர் வேகங்கள் ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகின்றன. 1, 2, 4, 8 என்று போனால் அடுத்தது 16, அதற்கடுத்தது 32. டயலில் அவற்றைத்தான் 15, 30 என்று எழுதுகிறார்கள். 31-ஆவது நொடியில் ரிமோட் தட்டும்போது ஷட்டர் இன்னும் மூடவில்லை. கேமரா அந்தத் தட்டலைக் கண்டுகொள்ளாது. அடுத்த தட்டல் 62-ஆவது நொடியில்தான். மணிக்கு 116 வரவேண்டிய இடத்தில் 58 வந்திருக்கும். இன்டர்வெல்லை 34 ஆக்கிப் பாருங்கள், சரியாகிவிடும்.

நான் 40 வச்சிருந்தேன், அப்பவும் ஒண்ணு விட்டு ஒண்ணு போகுதே?

அப்படியானால் கேமரா மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் இயங்குகிறதா பாருங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஷட்டரை மூடிவைத்து அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்தின் புள்ளிகளைக் கழிக்கும். 30 நொடிப் படத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். டைம்லாப்ஸுக்கு அதை அணைத்தே வையுங்கள்.

அதுவும் அணைந்திருந்தால் டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி உள்ள கேமராவில், மிரர் லாக்கப்பைப் பாருங்கள். அது இயங்கினால் முதல் தட்டலில் கண்ணாடி மட்டும் தூக்கும், இரண்டாவது தட்டலில்தான் படம் விழும்.

முதல் படம் ஷார்ப்பா இருக்கு, நடுவுல பத்துப் படம் மங்கலா இருக்கு. ஏன்?

ஆட்டோஃபோகஸ். ரிமோட் ஒவ்வொரு தட்டலிலும் பாதி அழுத்தத்தையும் சேர்த்தே கொடுக்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அப்போதெல்லாம் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடும். குறுக்கே யாராவது போனால் அவர்மேல் போய் நிற்கும். இருட்டில் எதுவும் கிடைக்காவிட்டால் படம் எடுக்கவே மறுக்கும். ஒரு முறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மேகம் மறைக்கும்போதெல்லாம் நிறம் ஊசலாடும். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷனும் வேண்டாம்.

வீடியோ வெட்டி வெட்டிப் போற மாதிரி இருக்கு. இன்டர்வெல்லைக் குறைக்கணுமா?

குறைத்தும் பார்க்கலாம், ஆனால் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம். 1/500 நொடியில் எடுத்தால் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வோர் ஆளும் உறைந்து நிற்பார்கள். அடுத்த ஃபிரேமில் வேறோர் இடத்தில் உறைந்து நிற்பார்கள். கண்ணுக்கு அது துள்ளலாகத் தெரியும். எக்ஸ்போஷரை இன்டர்வெல்லில் பாதி அளவுக்குக் கொண்டுவந்தால், 2 நொடி இன்டர்வெல்லுக்கு 1 நொடி என்பதுபோல, அசைவுகள் ஒன்றோடொன்று இழைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் அதற்கு, லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 1/60 நொடியை 1 நொடி ஆக்க ஏறக்குறைய 6 ஸ்டாப் ஃபில்டர் தேவை. மேகத்துக்கு இந்த அளவு கறார் தேவையில்லை, அதன் ஓரங்களே மென்மையானவை.

எல்லாம் மேனுவல்லதான் வச்சேன். அப்பவும் வீடியோ மினுக்கு மினுக்குன்னு இருக்கு.

இதுதான் பலரையும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. டிஎஸ்எல்ஆர் லென்ஸில் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும். நீங்கள் எஃப்/11 வைத்திருந்தால், படம் விழும் கணத்தில் மட்டும் இதழ்கள் எஃப்/11 அளவுக்குச் சுருங்கி, உடனே விரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே இடத்தில் நிற்பதில்லை, ஒரு மயிரிழை முன்பின் இருக்கும். தனிப்படத்தில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நொடிக்கு 25 படம் ஓடும்போது விளக்கு படபடப்பது போலத் தெரியும்.

லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் இதழ்கள் அசைய வேண்டியதில்லை, மினுக்கலும் இல்லை. வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் அங்கேயே நிற்கும் பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரோடு மாட்டினாலும் தீரும். கேனானில் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்தியபடி லென்ஸை லேசாகத் திருகி, மின்தொடர்பைத் துண்டிக்கும் உத்தி ஒன்றும் உண்டு. லென்ஸ் அப்போது பாதி பூட்டில்தான் இருக்கும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. எடுத்து முடித்த பிறகு என்றால் மென்பொருளில் டீஃபிளிக்கர் செய்யலாம், அதாவது மினுக்கலை நீக்கலாம்.

டியூப்லைட்டோ எல்இடியோ இருக்கும் அறைக்குள் எடுத்திருந்தால் காரணம் வேறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 நொடிக்குக் குறையாமல் திறந்து வையுங்கள்.

நட்சத்திரம் கோடா இழுக்காம இருக்க எத்தனை செகண்ட்?

500-ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்) வகுப்பது பழைய வழக்கம். ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. என்றால் 20 நொடி. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் முதலில் ஃபோகல் லெங்த்தை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானது என்று தெரியும், ஆனால் வீடியோவுக்கு ஓடிவிடும்.

கோடாக இழுப்பதுதான் நோக்கம் என்றால் படங்களுக்கிடையே இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடு புள்ளி புள்ளியாக அறுந்திருக்கும். இங்கே மட்டும் மேலே சொன்ன விதியை மீறலாம். கேமராவில் 30 நொடி, டிரைவ் மோடைத் தொடர்ச்சிக்கு மாற்றி, ரிமோட்டின் பட்டனை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டிவிடுங்கள். டைமரே வேண்டாம். ஒன்று முடிந்த கையோடு அடுத்தது தொடங்கும். ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் அடுக்கிக்கொள்ளலாம்.

பாதியிலேயே நின்னுடுது. பேட்டரியா, கார்டா?

எது நின்றது என்று முதலில் பாருங்கள். ரிமோட்டின் திரையில் எண் ஓடிக்கொண்டே இருந்து கேமரா செத்திருந்தால் கேமராவின் பேட்டரி அல்லது கார்டு. படம் எடுத்ததும் திரையில் காட்டும் ரிவ்யூவை அணைத்து, வைஃபையும் அணைத்துவிட்டாலே பேட்டரி கூடுதல் நேரம் வரும். நீண்ட வேலைக்கு டம்மி பேட்டரியோ (பேட்டரி இடத்தில் மாட்டி ஒயர் வழியாக மின்சாரம் கொடுப்பது), யுஎஸ்பி வழியாக மின்சாரம் ஏற்கும் கேமராவில் பவர் பேங்க்கோ வேண்டும். கார்டைப் பொறுத்தவரை, 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை ஜேபெக் ஆக்காமல் வைக்கும் ஃபைல்) ஒன்று 25 எம்பி என்று வைத்தால் 500 படத்துக்கு 12.5 ஜிபி.

ரிமோட் செத்திருந்தால் அதன் பேட்டரி. பல ரிமோட்டுகளில் ஆஃப் பட்டனே கிடையாது, திரை எப்போதும் விழித்திருக்கும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

நீண்ட இன்டர்வெல்லில் மட்டும் படங்கள் விடுபடுகின்றன என்றால் கேமரா தூங்கிப்போகிறது. சில மாடல்களில் ரிமோட்டின் தட்டல் அதை எழுப்புவதோடு சரி, படம் விழாது. ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை இன்டர்வெல்லைவிடக் கூட்டுங்கள்.

இப்படி எடுத்தா ஷட்டர் சீக்கிரம் தேய்ஞ்சிடாதா?

தேயும். பல டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் 1 லட்சம் முதல் 2 லட்சம் தடவை வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மாலைக்கு 500 படம் என்றால் 200 மாலையில் 1 லட்சம். மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் இந்தக் கவலை இல்லை.

நடுவுல வீடியோ திடீர்னு பின்னாடி தாவுது. படம் எல்லாம் சரியாதான் இருக்கு.

ஃபைல் எண்ணைப் பாருங்கள். கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-லிருந்து தொடங்கும். மென்பொருள் பெயர் வரிசையில் அடுக்கும்போது கடைசியில் எடுத்தவை முன்னால் வந்துவிடும். எடுத்த நேரப்படி அடுக்கி மொத்தமாகப் பெயர் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

சாயங்காலத்துலேருந்து நட்சத்திரம் வர்ற வரைக்கும் ஒரே ஓட்டமா எடுக்க முடியுமா?

முடியும், இருப்பதில் கடினமானது இதுதான். ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது தனியாக அளந்து முடிவெடுக்கும், வீடியோ துடிக்கும். அதனால் மேனுவலில் தொடங்கி, ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இருட்டைக் குறிக்கும் இடப்பக்கம் சரியும்போதெல்லாம் ஷட்டரையோ ஐஎஸ்ஓவையோ (கேமராவின் ஒளியுணர்வு) மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், டிரைபாடை அசைக்காமல், டயலை ஒரு சொடுக்கு. இந்தப் படிகளை எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள் பிற்பாடு வழவழப்பாக்கிவிடும். அதற்கு ரா ஃபைல் அவசியம்.

இன்டர்வெல்லை இரவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கடைசியில் 20 நொடி எக்ஸ்போஷர் வரப்போகிறது என்றால், பொழுது சாயும்போதே 25 நொடியில் தொடங்குங்கள். நடுவில் மாற்றினால் வீடியோவில் காலத்தின் வேகமே மாறிவிடும். மேகம் கொஞ்சம் தாவத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு நேரத்தைக் கேமராவிலேயே வையுங்கள், பல்ப் வேண்டாம். லாங்கை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலான ரிமோட்டுகளில் ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். திறப்பு நேரத்தைத் தானே படிப்படியாகக் கூட்டும் ரிமோட்டுகளும் உண்டு, ஆனால் அவற்றிலும் எவ்வளவு வேகமாக இருட்டும் என்பதை முன்கூட்டியே நீங்கள்தான் ஊகித்துச் சொல்ல வேண்டும். மேகம் வந்து அந்த ஊகம் தவறினால் டயலைத் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை.